கேட்கக் கற்ற நூறு பேர்: மிச்சிகனின் ஒருங்கிணைந்த புற்றுநோய்ப் பயிற்சி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் ஆன் ஆர்பர் நகரில் இருக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகம், புற்றுநோய் சிகிச்சையில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவர்களுக்காக ஒரு பயிற்சித் திட்டத்தை உருவாக்கியது. ஆண்டுக்கு 25 பேர், நான்கு ஆண்டுகளில் 100 பேர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு வருடப் பயிற்சி. செலவை ஏற்றுக்கொண்டது அந்நாட்டு அரசின் தேசியப் புற்றுநோய்க் கழகம். குடும்ப மருத்துவத் துறையில் ஆய்வு செய்துவரும் சூசன்னா ஸிக் தலைமை ஏற்றார். அவர் இயற்கை மருத்துவம் படித்தவர். திட்டத்தின் வடிவமைப்பை விளக்கும் கட்டுரை 2018-இல் வந்தது.

ஒருங்கிணைந்த புற்றுநோய் மருத்துவம் என்றதும் நம் ஊரில் முதலில் எழும் சந்தேகம், கீமோவை விட்டுவிட்டுக் கஷாயம் குடிக்கச் சொல்கிறார்களோ என்பதுதான். அப்படியில்லை. க்ளாடியா விட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட வரையறையின் சாரம் இது: அறுவை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஆதாரத்தைப் பார்த்து, யோகா, தியானம், அக்குபங்சர், உடற்பயிற்சி, உணவு மாற்றம், சில இயற்கைப் பொருள்கள் ஆகியவற்றைக் கூடச் சேர்ப்பது. கட்டியைக் கரைப்பது இவற்றின் வேலை இல்லை. வலி, குமட்டல், தூக்கமின்மை, பயம், மாதக்கணக்கில் விடாத அசதி ஆகியவற்றைக் குறைத்து, முக்கிய சிகிச்சையை நோயாளி கடைசிவரை தாங்கிக்கொள்ள உதவுவதுதான் வேலை.

முக்கிய சிகிச்சையை விட்டவர்களுக்கு என்ன ஆனது என்பதும் தெரிந்ததுதான். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பரவாத நிலையில் இருந்த மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், பெருங்குடல் புற்றுக்கு மாற்று வைத்தியத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் மட்டும் எடுத்தால் ஐந்து மடங்குக்கு மேல். பயிற்சி பெறுபவர் இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டுதான் நோயாளியிடம் பேச வேண்டும். ஆனால் எண்களை அவர் மேல் வீசக் கூடாது. அது எப்படி என்பதற்குத்தான் ஒரு வருடம்.

யாரும் கேட்பதில்லை

திட்டத்தின் தேவையைப் புரிந்துகொள்ள இரண்டு ஆய்வுகள் போதும். முதலாவது டாக்டர்களைப் பற்றியது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களிடம் மூலிகை, சத்து மாத்திரை பற்றி எடுத்த கருத்துக்கணிப்பு ஒன்று 2014-இல் வெளியானது. தங்கள் நோயாளிகளில் 41 சதவீதம் பேரோடுதான் இந்தப் பேச்சே நடந்திருக்கிறது என்றார்கள். அப்படி நடந்த பேச்சுகளிலும், டாக்டர் தாமாக ஆரம்பித்தவை 26 சதவீதம். மூன்றில் இரண்டு பேர், தங்களுக்குப் போதிய அறிவு இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். 59 சதவீதம் பேருக்கு இந்த விஷயத்தில் எந்தப் பாடமும் நடந்ததில்லை.

இரண்டாவது நோயாளிகளைப் பற்றியது. 2019-இல் வந்தது. அமெரிக்க தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் புற்றுநோய் வந்திருந்த மூவாயிரத்துச் சொச்சம் பேரில் மூன்றில் ஒருவர் ஏதோ ஒரு துணை வைத்தியத்தைப் பயன்படுத்தியிருந்தார். அவர்களில் 29 சதவீதம் பேர் அதை டாக்டரிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டபோது 57 சதவீதம் பேர் சொன்ன பதில்: டாக்டர் கேட்கவில்லை. டாக்டருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை என்று நினைத்ததாகச் சொன்னவர்கள் 47 சதவீதம்.

திட்டுவாரோ என்ற பயம்தான் பெரிய காரணமாக இருக்கும் என்று பலரும் நினைப்போம். இந்தக் கணக்கில் முதலிடம் அதற்கு இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அப்படியானால் பயிற்சியின் முதல் பாடம் அக்குபங்சர் புள்ளி எங்கே இருக்கிறது என்பதாக இருக்க முடியாது. என்னென்ன சாப்பிடுகிறீர்கள், வேறு எங்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்பதை முகம் சுளிக்காமல் கேட்பதும், வரும் பதிலை வைத்து என்ன செய்வது என்று தெரிந்திருப்பதும்தான் பாடம். மிச்சிகன் திட்டத்தை நான் வாசிக்கும் விதம் இதுதான். அதன் மற்ற அம்சங்களையும் இந்த அளவுகோலில்தான் எடைபோடுகிறேன்.

அணியில் யார் யார்

இந்தத் திட்டத்தின் ஆகச் சிறந்த முடிவு, பாடத்தை எழுதுவதற்கு முன்பே எடுக்கப்பட்டது. டாக்டர்களை மட்டும் சேர்க்கவில்லை. நர்ஸ், பார்மசிஸ்ட், சமூகப் பணியாளர், உளவியலாளர், மருத்துவர் உதவியாளர் எல்லோரையும் ஒரே அணியில் உட்கார வைத்தார்கள்.

கீமோ வார்டைப் பார்த்தவர்களுக்கு இதன் நியாயம் உடனே விளங்கும். டாக்டர் நோயாளியோடு இருப்பது சில நிமிடம். மருந்து ஏறும் மணிக்கணக்கான நேரம் முழுக்கப் பக்கத்தில் வந்து போவது நர்ஸ். அந்தப் பேச்சில்தான் மைத்துனி வாங்கிக்கொடுத்த பொடி, வாட்ஸப்பில் வந்த முள்சீத்தா இலை எல்லாம் வெளியே வரும். அந்தப் பொடி எந்த மருந்தோடு மோதும் என்று சொல்லக்கூடியவர் பார்மசிஸ்ட். யோகா வகுப்புக்குப் போகப் பணமும் பஸ் வசதியும் இருக்கிறதா என்று விசாரிப்பவர் சமூகப் பணியாளர். இவர்களில் ஒருவரை மட்டும் பயிற்றுவித்தால், அவர் மருத்துவமனைக்குத் திரும்பிப் போய் மற்றவர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

முழுநேரப் படிப்பாக இதை வைக்கவில்லை. வேலையை விடாமல் படிக்கும் கலப்பு முறை: நேரில் கூடும் அமர்வுகள், இடையில் இணையவழிப் பாடம், கூடவே வழிகாட்டி. முடிக்கும்போது அவரவர் ஊரில் இருக்கும் நம்பகமான அக்குபங்சர், மசாஜ், யோகா நிபுணர்களோடு தொடர்பு ஏற்படுத்திக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் நோக்கத்தில் இருந்தது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் யோகா செய்யுங்கள் என்று சொல்லி அனுப்புவதற்கும், இந்தத் தெருவில் இன்னார் இருக்கிறார், மார்பக அறுவை முடிந்தவர்களைக் கையாளத் தெரிந்தவர் என்று சொல்வதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது.

வகுப்பு எப்படி நடக்கும்

நேரடி அமர்வுகளுக்கு எடுத்துக்கொண்டது அணிவழிக் கற்றல் என்ற முறை. 1970-களின் இறுதியில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் மேலாண்மை கற்பித்த லாரி மைக்கேல்சன், வகுப்பில் கூட்டம் பெருகியதும் விரிவுரையை விட்டுவிட்டு உருவாக்கிய முறை அது. பிறகு மருத்துவக் கல்லூரிகள் அதைச் சுவீகரித்துக்கொண்டன.

வழக்கமான ஒழுங்கு இப்படி இருக்கும். பாடத்தை வீட்டிலேயே படித்துவிட்டு வர வேண்டும். வந்ததும் தனியாக ஒரு சின்னத் தேர்வு. அதே கேள்வித்தாளை உடனே குழுவாக இன்னொரு முறை எழுத வேண்டும். தனியாக எழுதும்போது அடித்துச் சொன்ன பதிலை, குழுவில் மற்ற நான்கு பேர் முன்னால் நியாயப்படுத்தியாக வேண்டும். விடை தவறு என்று தோன்றினால் ஆசிரியரிடமே வாதாடலாம். அதற்கப்புறம்தான் உண்மையான வேலை: எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நோயாளியின் கதை, ஒரே கேள்வி, ஒரு விடையைத்தான் தேர்ந்தெடுக்கலாம், எல்லோரும் ஒரே நேரத்தில் விடை அட்டையைத் தூக்க வேண்டும். பக்கத்துக் குழுவைப் பார்த்து மாற்றிக்கொள்ள வழியில்லை.

முறை புரிவதற்காக நானே ஒரு கேள்வியை எழுதிப் பார்க்கிறேன். இது மிச்சிகனில் கேட்ட கேள்வி இல்லை, ஆனால் இதில் வரும் ஆய்வுகள் உண்மையானவை.

58 வயதுப் பெண். மார்பகப் புற்றுக்கு அறுவையும் ரேடியேஷனும் முடிந்து, உடலில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உருவாவதைக் குறைக்கும் அரோமடேஸ் தடுப்பான் வகை மாத்திரை எடுக்கிறார். பொதுவாக ஐந்து வருடமாவது தொடர வேண்டிய மாத்திரை. காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியவில்லை, முழங்கால் பிடித்துக்கொள்கிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறார். கடையில் வாங்கிய மஞ்சள் கேப்ஸ்யூலும் அஸ்வகந்தாவும் சாப்பிடுகிறார். அதை டாக்டரிடம் சொல்லவில்லை, நர்ஸிடம் சொன்னார். முதலில் எதைச் செய்வீர்கள்? மாத்திரையைச் சில வாரம் நிறுத்திப் பார்ப்பதா, அக்குபங்சருக்கு அனுப்புவதா, உடற்பயிற்சித் திட்டம் போட்டுக்கொடுப்பதா, கேப்ஸ்யூல்களை நிறுத்தச் சொல்வதா?

படித்துவிட்டு வந்த குழுவுக்கு ஆதாரம் தெரியும். இந்த வகை மாத்திரையால் வரும் இதே மூட்டுவலிக்கு அமெரிக்காவின் 11 மையங்களில் 226 பெண்களிடம் நடந்த அக்குபங்சர் சோதனை 2018-இல் வெளியானது. ஆறு வாரத்தில், பத்துக்கு மதிப்பிட்ட வலி, உண்மையான அக்குபங்சர் குழுவில் சுமார் 2 புள்ளி குறைந்தது; ஒப்பிடுவதற்காகப் பெயருக்கு ஊசி குத்திய குழுவிலும், எதுவும் செய்யாமல் காத்திருந்த குழுவிலும் சுமார் 1 புள்ளி. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு புள்ளி நோயாளியின் அன்றாடத்தில் எவ்வளவு பெரியது என்று ஆய்வாளர்களே அடக்கமாகத்தான் எழுதினார்கள். உடற்பயிற்சிக்கு 2015-இல் வந்த, 121 பெண்கள் பங்கேற்ற இன்னொரு சோதனை உண்டு. வாரத்துக்கு 150 நிமிட நடை போன்ற பயிற்சியும், இரண்டு நாள் எடைப் பயிற்சியும். ஒரு வருடத்தில் மோசமான மூட்டுவலி 29 சதவீதம் குறைந்தது.

குழுவில் டாக்டர் அக்குபங்சர் என்பார். சமூகப் பணியாளர், வாரம் இரண்டு தடவை இந்த அம்மாள் எப்படிப் போவார் என்பார். பார்மசிஸ்ட், முதலில் கேப்ஸ்யூல் விஷயத்தை முடியுங்கள், இரண்டுக்கும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது என்பார். நர்ஸ், நீங்கள் எடுத்ததுமே அதை நிறுத்தச் சொன்னால் அடுத்த தடவை என்னிடமும் சொல்லமாட்டார் என்பார். அட்டை தூக்க வேண்டிய நேரம் வந்துவிடும். சரியான ஒற்றை விடை இருக்கிறதா என்பதைவிட, இந்த நான்கு குரல்களும் ஒரே மேசையில் ஒலித்தன என்பதுதான் ஆதாயம். விரிவுரை மண்டபத்தில் இது நடக்காது.

பதில் வந்தபிறகு

கேட்டாயிற்று, நோயாளி சொல்லிவிட்டார். அப்புறம்? 2002-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியான, பரவலாக எடுத்தாளப்பட்ட ஒரு சட்டகம் இரண்டே கேள்வியைக் கேட்கிறது: ஆபத்தில்லாததா, பலன் உண்டா? இரண்டுக்கும் ஆம் என்றால் பரிந்துரைக்கலாம். ஆபத்தில்லை, பலன் தெரியவில்லை என்றால் தடுக்க வேண்டாம், கவனித்துக்கொண்டிருக்கலாம். பலன் உண்டு, ஆனால் ஆபத்து பற்றித் தெளிவில்லை என்றால் நெருக்கமான கண்காணிப்பு. ஆபத்தானது, பலனுமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. எந்தப் பொருள் எந்தக் கட்டத்தில் விழும் என்பதில்தான் சிரமம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மேற்கில் மனச்சோர்வுக்குக் கடையில் கிடைப்பது. இரினோடெகான் என்ற கீமோ மருந்தோடு அதைச் சேர்த்துக் கொடுத்து 2002-இல் ஐந்து நோயாளிகளிடம் பார்த்தார்கள். கீமோவின் செயல்படும் வடிவத்தின் அளவு ரத்தத்தில் 42 சதவீதம் குறைந்தது. கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிட்டு மருந்தை அது வேகமாகக் கழித்துவிடுகிறது. நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. சிகிச்சை மட்டும் உள்ளுக்குள் பலமிழந்துபோகும்.

இன்னொன்று, அசிட்டைல்-எல்-கார்னிடின். கீமோவால் வரும் கைகால் மரத்துப்போதலைத் தடுக்கும் என்று நம்பி விழுங்கிய சத்து மாத்திரை. 409 பெண்களிடம் 2013-இல் முறையாகச் சோதித்தபோது, அதை எடுத்தவர்களுக்கு மரத்துப்போதல் அதிகமாயிருந்தது. சும்மா ஒரு வைட்டமின்தானே என்று தலையாட்டி அனுப்பும் டாக்டருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஒருங்கிணைந்த புற்றுநோய் மருத்துவச் சங்கம் 2017-இல் வெளியிட்ட மார்பகப் புற்று வழிகாட்டி, மனக்கலக்கத்துக்குத் தியானத்தையும் யோகாவையும் ஆதரித்துவிட்டு, இந்த மாத்திரையை வேண்டாம் என்று ஒதுக்கியது. அடுத்த ஆண்டே அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் அந்த வழிகாட்டிக்கு ஒப்புதல் தந்தது. வழக்கமான புற்றுநோய் மருத்துவத் துறையின் முத்திரை விழுந்ததும், மிச்சிகனில் படித்தவர்கள் தங்கள் மருத்துவமனைகளில் பேச ஒரு பிடிமானம் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நம்மோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு தகவலும் அமெரிக்க ஆய்வு இலக்கியத்தில் இருக்கிறது. பாஸ்டன் பகுதியின் தெற்காசியக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தது. அங்கே குடியேறிய நம்மவர் ஒருவர் ஊரிலிருந்து அம்மா அனுப்பியது என்று ஒரு டப்பாவை எடுத்து வைக்கும்போது, எதிரில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அந்த டப்பாவில் இருக்கும் அம்மாவின் பாசமும் புரிந்திருக்க வேண்டும்.

எங்கே இடிக்கிறது

முதலில் எண்ணிக்கை. அமெரிக்காவில் நோயாளிகளைப் பார்க்கும் புற்றுநோய் மருத்துவர்கள் மட்டும் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். நர்ஸ்கள் அதற்கு எத்தனையோ மடங்கு. இதில் 100 பேர் என்பது ஒன்றுமேயில்லை. திட்டக்காரர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் பயிற்சி பெற்றவர் தன் இடத்தில் தலைமை தாங்க வேண்டும் என்று குறி வைத்தார்கள். தலைமை என்பது ஆளைப் பொறுத்தது. வேலைப் பளுவில் மூச்சுத் திணறும் ஒரு நர்ஸிடம், நீ போய் உன் மருத்துவமனையை மாற்று என்று சொல்வது கொஞ்சம் பேராசை என்றே படுகிறது.

அடுத்தது அளவீடு. இப்படிப்பட்ட பயிற்சிகளைப் பெரும்பாலும் மதிப்பிடுவது கேள்வித்தாள் வழியாகத்தான்: முன்பு எவ்வளவு தெரிந்திருந்தது, இப்போது எவ்வளவு தெரிகிறது, நம்பிக்கை கூடியிருக்கிறதா. படித்தவர் நம்பிக்கையோடு வெளியே வருவதில் அதிசயமில்லை. அவர் பார்க்கும் நோயாளிகளில் எத்தனை பேர் இப்போது சத்து மாத்திரையைப் பற்றி வாய்திறக்கிறார்கள், எத்தனை பேரின் மருந்துச் சீட்டில் அது பதிவாகிறது என்று எண்ணுவது இதைவிடக் கடினம், செலவும் அதிகம். என்னைக் கேட்டால் அந்த ஓர் எண்ணைத்தான் கேட்பேன். பிரச்சினையே கேட்காததில் இருக்கும்போது, கேட்பது கூடியதா என்பதுதான் தேர்வு.

பணத்தை யாரும் பாடத்திட்டத்தால் தீர்த்துவிட முடியாது. முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர், 2020 ஜனவரியில் அக்குபங்சருக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தது, அதுவும் நாள்பட்ட இடுப்புவலிக்கு மட்டும். மேலே சொன்ன 58 வயதுப் பெண் இன்னும் ஏழெட்டு வருடம் கழித்து மெடிகேரில் சேர்ந்தாலும், ஹார்மோன் மாத்திரையால் வரும் மூட்டுவலி இந்த விதிக்குள் வராது. பரிந்துரைக்கக் கற்றவரின் கையில் பரிந்துரை மட்டும்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் திட்டத் தலைவர் ஸிக்கின் சொந்த ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. மார்பகப் புற்றிலிருந்து மீண்ட பிறகும் அசதி விடாத பெண்களுக்கு, ஊசியில்லாமல் விரலால் தாங்களே அழுத்திக்கொள்ளும் அக்குபிரஷரைக் கற்றுக்கொடுத்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். மிச்சிகன் புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து தேர்ந்த 288 பேர். ஆறு வாரத்தில், அழுத்தப் பயிற்சி செய்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் இயல்பான அசதி நிலைக்குத் திரும்பினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 31 சதவீதம். கற்றுக்கொண்டபின் செலவில்லை, யாரிடமும் போக வேண்டியதில்லை, சொல்லிக்கொடுக்க நர்ஸ் போதும். காப்பீடு கைவிடும் இடத்தில் கொடுக்க இப்படி ஏதாவது இருந்தால்தான் பயிற்சிக்கு அர்த்தம்.

இங்கே கொண்டுவந்தால்

தமிழ்நாட்டில் ஒரு வசதி உண்டு. பல அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு அதே வளாகத்தில் இருக்கிறது. மிச்சிகன்காரர்கள் தேடிப்பிடிக்கச் சொன்ன துணைவைத்தியர் இங்கே பக்கத்துக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார். எனவே 25 பேர் அணி ஒன்று இங்கே அமைந்தால், அதில் கீமோ வார்டு ஸ்டாஃப் நர்ஸும் பார்மசிஸ்டும் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் சித்த மருத்துவ அலுவலரும். ஆனால் விருந்தாளியாக வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போகக் கூடாது. அதே தேர்வை எழுதி, அதே அட்டையைத் தூக்க வேண்டும்.

பாடப்பொருள் மட்டும் இங்கேயே எழுதப்பட வேண்டும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் நம் வீடுகளில் இல்லை. சீந்தில் இருக்கிறது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்திலைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். புற்றுநோயாளிக்கு இதன் அர்த்தம் வேறு. அடுத்த கீமோவுக்கு முன்னால் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண்கள் ஏறியிருந்தால் சிகிச்சை தள்ளிப்போகலாம், மருந்தின் அளவு குறையலாம். காரணம் கீமோவா, வேறு தொற்றா, நோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டதா என்று ஸ்கேன், பரிசோதனை எனத் தேடுவார்கள். காலையில் வெறும் வயிற்றில் குடித்த சாறு அந்தப் பட்டியலில் வருவது, வார்டில் யாராவது கேட்டு எழுதி வைத்திருந்தால்தான்.